முஷ்டிக்குப் பின்னால் கோடுகள்

அப்பா விழுந்ததைப் பற்றிச் சற்குணம் அண்ணாச்சி சொன்னதை நான் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே நம்பி வந்திருக்கிறேன். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்க முடியுமா என்றால் இருக்க முடிகிறது. ஆடுகிற பல்லை வைத்துக்கொண்டே சாப்பிட்டுப் பழகிவிடுகிறோம், அதுபோல. அவர் சொன்னது இவ்வளவுதான். என் தம்பி பால்பாண்டி வாசலிலிருந்து ஓடி வந்தான், ஓடி வந்த வேகத்திலேயே அப்பாவின் நெஞ்சில் ஒரு குத்து விட்டான், அப்பா பின்னால் போய்ப் பேப்பர்க் கட்டுகள் மேல் மல்லாந்து விழுந்தார். அன்றைக்கே ஆஸ்பத்திரியில், ஒரு வார்த்தை பேசாமல், அப்பா இறந்துபோனார். அச்சாபீசின் அந்த அறையில் அப்போது இருந்தது மூன்று பேர். அப்பா போய்விட்டார், பாண்டி சூரத்துக்குப் போய்விட்டான், அண்ணாச்சி இதோ எனக்கு இடதுபக்கம், மதுரையில் இந்தக் கண்ணாஸ்பத்திரியின் இரும்பு நாற்காலியில், ஆபரேஷனுக்காகச் சொட்டு மருந்து விட்ட கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கும் மருந்து விட்டிருக்கிறார்கள், சர்க்கரை கண்ணுக்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க. எல்லாம் கலங்கித் தெரிகிறது. நடக்கிறவர்கள் நடக்கிற திசையில் இழுபடுகிறார்கள். காலையில் ஆட்டோவில் அண்ணாச்சியைக் கூட்டி வரும்போது போன் வந்தது. எண் தெரியவில்லை, குரலும் முதலில் தெரியவில்லை, அவ்வளவு வயதாகியிருந்தது. "அண்ணே, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். வீட்டுக்கு வரட்டுமா?" வா என்று ஒரு எழுத்துப் போதும். "ஆஸ்பத்திரியில இருக்கேன், செத்த பொறு, சொல்றேன்" என்றேன். "யாருக்கு என்ன?" என்றான். "சற்குணம் அண்ணாச்சிக்குக் கண்ணு." அவன் போனை வைக்கவில்லை. பஸ்ஸின் ஹாரன், தேங்காய்பன் விற்கிறவர் குரல், பிறகு ஒன்றுமில்லை. "யாரு கோடி?" என்று அண்ணாச்சி கேட்டார். என் பெயர் தனுஷ்கோடி, அவர் மட்டும்தான் கோடி என்பார். ராங் நம்பர் என்று சொன்னேன். என் வாயில் அது எவ்வளவு சுலபமாக வந்தது.

பாண்டி நின்றுகொண்டிருப்பான். உட்கார மாட்டான், சின்ன வயதிலிருந்தே காத்திருப்பது என்றால் நின்றுதான். அவன் வீட்டுக்கு வந்தால் சோறு போட வேண்டும், சோறு போட்டால் அண்ணாச்சி சொன்னது பொய் என்று ஆகும், அல்லது சொன்னது உண்மை, ஆனாலும் பரவாயில்லை என்று ஆகும். அப்பாவை அடித்துக் கொன்றவனுக்குப் பரவாயில்லை என்று சொல்ல என்னால் ஆகாது. அண்ணாச்சியைப் பொய்யர் என்று சொல்லவும் ஆகாது. அப்பா போன பிறகு எனக்குப் பெண் பார்க்க வந்தவர் அவர், அம்மாவைத் தூக்கிப் போனபோது முன்பக்கம் தோள் கொடுத்தவர் அவர், தனியாகக் கிடக்கிறாரே என்று ஐந்தாறு வருடமாக என் வீட்டு மாடியில் வைத்துப் பார்த்துக்கொள்வதும் அவரைத்தான். கேட்டுவிடலாம். பக்கத்தில்தானே இருக்கிறார், முழங்கை இடிக்கிற தூரத்தில். ஆனால் இப்போது எப்படிக் கேட்பது. சிஸ்டர் வந்து அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, கண்ணைத் தொறக்காதீங்க, ரொம்பப் பேசாதீங்க. பிரஷர் ஓரத்துல நிக்குது. இன்னும் ஏறுச்சுன்னா இன்னைக்கு உள்ள எடுக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். "நான் எங்க தாயி பேசுறேன், பிரஷர்தான் பேசுது" என்றார் அவர். அவள் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "சார், நீங்கதான் பாத்துக்கணும், டென்ஷன் பண்ணிராதீங்க" என்றாள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்குக் கலங்கித் தெரிகிற அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எதிர் வரிசையில் ஒரு அப்பாவும் மகளும். மகள் ஒரு நீல நிறம், பள்ளிக்கூடச் சுடிதாராக இருக்க வேண்டும். அப்பாவுக்கு மருந்து விட்டிருப்பதால் அவள் போனில் இருக்கிற ஏதோ காமிக்ஸை அவருக்கு வாசித்துச் சொல்கிறாள். "இப்ப இவன் கண்ணு சிமிட்டுறதுக்குள்ள ஊரையே ஒரு சுத்துச் சுத்தி வந்து, அவன் மூஞ்சில ஒரே குத்து." "செத்தானா?" "இல்லப்பா, பில்டிங்க ஓட்ட போட்டுட்டு அந்தப் பக்கம் போய் விழுந்தான்." "குத்துறவன் பக்கத்துல நின்னே குத்த வேண்டியதுதான, எதுக்கு ஊரச் சுத்துறான்? பெட்ரோல் மிச்சமா?" "வேகம் வரணும்லப்பா. அரை எம் வி ஸ்கொயர். ஆளு ரெண்டு மடங்கு குண்டா இருந்தா அடி ரெண்டு மடங்கு. அதே ஆளு ரெண்டு மடங்கு வேகமா வந்தா நாலு மடங்கு. வேகம்தான் ஜெயிக்கும்." "அப்ப ஒரு கொசு வேகமா வந்து மோதுனா நான் விழுந்துருவனா?" "ஐயோ, கொசுவுக்கு எடையே இல்லப்பா." "இப்பத்தான எடை பெருசில்லன்ன?" "நீ பேசாம கண்ண மூடு." சுற்றி இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அண்ணாச்சி மூடிய கண்களோடு முகத்தை அந்தக் குரல் வந்த பக்கம் திருப்பினார். "பாப்பா சொல்றதுதான் சரி. குத்துன்னா வேகம்தான்" என்றார்.

அவர் இதைச் சொல்லாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். சிவகாசியில் நாங்கள் வேலை பார்த்த காமிக்ஸ் கம்பெனியில் அவர் ஓவியர், நான் பலூனுக்குள் வசனம் எழுதுகிறவன், சண்டைப் பக்கங்களின் டமார், படார், விர்ர் எல்லாம் என் கை. எங்கள் கதாநாயகன் புயல்வேந்தன். மாதம் ஒரு புத்தகம். அவனுக்குப் பெரிய உடம்பு கிடையாது, வேகம் மட்டும்தான், மின்சார ரயிலை முந்துவான், துப்பாக்கிக் குண்டைப் பின்னாலிருந்து துரத்திப் பிடிப்பான். அவன் குத்துக்குப் பலம் எங்கிருந்து வருகிறது என்பது டீ நேரத்தில் தீராத சண்டை. அண்ணாச்சி சொல்வார், "முஷ்டிய எம்புட்டுப் பெருசா வேணாலும் வரைஞ்சுக்கோ, அது சுரைக்கா மாதிரிச் சும்மா தொங்கும். பின்னால நாலு கோடு இழு, அப்பத்தான் அது குத்து." அப்பா அங்கே அச்சு மெஷினுக்குப் போர்மேன், இளவயதில் குஸ்தி பழகியவர். துணியில் மையைத் துடைத்துக்கொண்டே வருவார். "கை பறந்தா போதுமாய்யா? காலு தரையில ஊனியிருக்கணும். அந்தரத்துல வந்து குத்துனா வாங்குனவன் நின்ன எடத்துல நிப்பான், உங்க புயல்வேந்தன்தான் திரும்பப் பறப்பான்." ஒருநாள் என்னை நிற்கவைத்துக் காட்டினார். தோளில் பளாரென்று ஒரு அடி, எரிந்தது, ஆனால் நான் அசையவில்லை. பிறகு அதே தோளில் உள்ளங்கையை வைத்து, இடுப்பிலிருந்து நிதானமாக ஒரு அழுத்து. சுவர் வரைக்கும் போய் முட்டினேன். "எதுடா பலம்?" என்றார். அண்ணாச்சி விடவில்லை. "அது தள்ளுறது போர்மேன், குத்து இல்ல. உங்கள வச்சுக் கத போட்டா எல்லாப் பக்கத்துலயும் ஆளத் தள்ளிக்கிட்டே இருப்பீங்க, எவன் புத்தகம் வாங்குவான்?" பைண்டிங் பிரிவிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தவன் பாண்டி. ஒல்லி. பசை வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் வாளி அவனைத் தூக்கிக்கொண்டு போவது மாதிரி இருக்கும்.

அந்த ஒல்லிதான் கால் ஊன்றி நிற்கத் தெரிந்த அப்பாவை ஒரே குத்தில் மல்லாத்தினான் என்கிறார்கள். என்கிறார்கள் இல்லை, என்கிறார். அப்பா சொன்ன கணக்குப்படி இது நடக்காது. அந்தப் பிள்ளை சொல்கிற கணக்குப்படி நடக்கும், ஓட்டம் இருந்தால். ஓட இடம் வேண்டுமே. ஓவிய அறை என்பது வாசலிலிருந்து அண்ணாச்சி வரைகிற பலகை வரைக்கும் ஒரு சந்துதான், இரண்டு பக்கமும் பேப்பர்க் கட்டு அடுக்கியிருக்கும், ஒருக்களித்துத்தான் போக வேண்டும், நான் பலூனை ஒட்டப் போகும்போதெல்லாம் சட்டை உரசும். அதில் ஒருவன் எப்படி ஓடி வருவான். ஒருவேளை அன்றைக்குக் கட்டுகள் மெஷினுக்குப் போய்விட்டிருக்கலாம், அறை காலியாக இருந்திருக்கலாம். காலியாக இருந்தால் அப்பா எதன்மேல் விழுந்தார். கட்டு இருந்தால் ஓட இடமில்லை, கட்டு இல்லையென்றால் விழ இடமில்லை. ஒரு பக்கம் மட்டும் எடுத்திருக்கலாம். பாதி மட்டும் எடுத்திருக்கலாம். இந்த இடத்துக்கு வந்ததும் என் மூளை ஒவ்வொரு தடவையும் ஒரு கட்டை எடுத்து வைக்கிறது, ஒரு கட்டை இறக்குகிறது, அண்ணாச்சி சொன்னது நடக்கிற மாதிரி அறையை ஒதுக்கிக் கொடுக்கப் பார்க்கிறது. யாருக்காக இந்தக் கூலி வேலை பார்க்கிறேன் என்று தெரியவில்லை. பாண்டிக்காக இதே அறையை ஒரு தடவையாவது ஒதுக்கிப் பார்த்தேனா.

அன்றைக்குக் காலையில் வீட்டில் சண்டை நடந்தது உண்மை. பைண்டிங்கில் வேலை பார்த்த மெர்சி என்கிற பெண்ணைக் கட்டுவேன் என்று பாண்டி நின்றான், இந்த வீட்டில் உனக்கு இனிமேல் தட்டு கிடையாது என்று அப்பா சொன்னார், அவன் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனான். கோபம் இருந்தது. கோபத்துக்கு நான் சாட்சி. மத்தியானம் அச்சாபீசில் அப்பா ஓவிய அறைக்கு எதற்கோ போயிருக்கிறார், அவன் பின்னாலேயே போயிருக்கிறான், நான் அந்த நேரம் டீ குடிக்க ரோட்டுக்குப் போயிருந்தேன், திரும்பி வரும்போது கூட்டம். பாண்டி ஒரே ஒரு தடவை சொன்னான், ஆஸ்பத்திரி வராண்டாவில், என்னிடம். "அப்பா சாஞ்சாருண்ணே. பிடிக்கத்தான் போனேன்." டாக்டர் சொன்னது, தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, விழுந்ததால் வெடித்ததா, வெடித்ததால் விழுந்தாரா, இனிமேல் சொல்ல முடியாது. அண்ணாச்சி அம்மாவையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டு, போலீசுக்கெல்லாம் போக வேண்டாம், பையன் வாழ்க்கை போயிரும், ஆனா உங்ககிட்ட மறைக்கக் கூடாது என்று ஆரம்பித்து, ஓடி வந்தது, குத்து, மல்லாந்தது என்று சொன்னார். சொல்லும்போது கைகள் காற்றில் அதைச் செய்து காட்டின. வலது கை நீண்டது, இடது கை அதன் பின்னால் விரல்களை விரித்துக்கொண்டு சர்ரென்று இழுத்தது. அம்மா அதற்குப் பிறகு பாண்டி பெயரை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அவன் மெர்சியைக் கட்டினானா என்பதுகூட எனக்குத் தெரியாது. காலையில் அதையாவது கேட்டிருக்கலாம்.

போன் தொடையில் அதிர்ந்தது. எடுக்காமல் அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டேன், ஒரு குஞ்சை அமுக்குகிற மாதிரி, நிற்கும்வரை. "எடுத்துப் பேசேன்டா, எனக்கென்ன, நான் செவிடா இருக்கணும்னா சிஸ்டர் சொன்னா?" என்றார் அண்ணாச்சி. "லோன் வேணுமான்னு கேக்குற கம்பெனிக்காரன்தான்" என்றேன். "வேணும்னு சொல்லு, எனக்கும் சேத்து." எதிரில் அந்தப் பிள்ளை அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தாள். "இப்ப கைய நீட்டிக்கிட்டு வர்றான்பா." "யார அடிக்க?" "இரு, பெருசு பண்ணிப் பாக்கேன்… இல்லப்பா, மேல இருந்து ஒரு பொண்ணு விழுறா, பிடிக்க வர்றான்." "வேகமா வந்து பிடிச்சா அவ எலும்பு முறியாதா? நாலு மடங்குன்ன?" "ஐயோ, உன்கூட படிக்க முடியாதுப்பா."

கையை நீட்டிக்கொண்டு வருகிறான். இதை நாங்களே செய்திருக்கிறோம். ஒரு மாதம் பக்கம் முடியாமல், அச்சுக்குப் பிளேட் எடுக்கிறவன் வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கும்போது, அண்ணாச்சி பழைய கதை ஒன்றிலிருந்து புயல்வேந்தன் படத்தைக் கத்தரித்து எடுத்தார். கிணற்றில் விழப்போகிற குழந்தையைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு பாய்கிற படம். குழந்தையை வெட்டி எறிந்தார். விரல்களை மூடிப் பென்சிலால் உருட்டி முஷ்டியாக்கினார். பின்னால் கோடு இழுத்தார். "டமார் போடு கோடி" என்றார், நான் போட்டேன், குத்தாகிவிட்டது. ஒரு வாசகனும் கண்டுபிடிக்கவில்லை. பிடிக்கப் போகிறவனும் குத்தப் போகிறவனும் ஒரே உடம்பு, அதே வளைந்த முதுகு, அதே முன்னால் வைத்த கால், பதற்றத்தில் அதே முகம்கூட. பாண்டி ஓடி வந்தது உண்மையாக இருக்கட்டும். கையை நீட்டியதும் உண்மையாக இருக்கட்டும். சந்தில் இடித்துக்கொண்டு, கட்டுகளைச் சரித்துக்கொண்டு வந்திருக்கட்டும், அப்பாவின் நெஞ்சில் அவன் கை பட்டதும்கூட உண்மையாக இருக்கட்டும், சாய்கிற ஆளை எங்கே தொட்டுப் பிடிப்பது, நெஞ்சில்தானே. இத்தனையையும் ஒப்புக்கொண்டாலும் அது இன்னும் குத்தாகவில்லை. அதைக் குத்தாக்கியது எது. அண்ணாச்சி பொய் சொல்லவில்லை, அந்த மனிதருக்குப் பொய் சொல்லத் தெரியாது, கடைசிச் சினிமா டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்லத் தெரியாதவர். பார்த்ததைச் சொன்னார். பார்த்தார் என்றுதான் இவ்வளவு வருடமும் நான் நினைத்தேன். பார்த்தாரா என்று நினைக்க எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் பார்க்கவில்லை என்றால் பாண்டி சொன்ன ஒரே வாக்கியம் அநாதையாக அந்த வராண்டாவில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

"சற்குணம், சற்குணம் யாரு?" என்று உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல். இங்கே என்று நான் கையைத் தூக்கினேன். சிஸ்டர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெள்ளையாக வந்தாள். "தாத்தா, இன்னொரு தரம் பிரஷர் பாத்துட்டு உள்ள போயிரலாம்." அண்ணாச்சி எழுந்திருக்க என் தோளைப் பிடித்தார். "கோடி, கண்ணு தெளிஞ்சா முதல்ல ஒரு படம் போடணும்டா. ஒரே ஒரு பக்கம். உன் டமார் இல்லாம" என்று சிரித்தார். நல்ல மனிதர். எனக்கு அவரைப் பலகை முன்னால் தவிர வேறு எங்கும் நினைக்கத் தெரியவில்லை. முதுகு வளைந்து, மூக்கு தாளைத் தொட, நாக்கு நுனி வெளியே. அந்த வளைவுக்குள் போய்விட்டால் கூப்பிட்டாலும் ம் என்பார், நிமிர மாட்டார். ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வந்து நாங்களெல்லாம் மேஜைமேல் ஏறிக் கத்திக்கொண்டிருந்தோம், அவருக்குத் தெரிந்தது அவருடைய செருப்பு கண்ணெதிரே மிதந்து போனபோதுதான். அப்பா அந்த அறைக்குள் வந்தபோது அவர் நிமிர்ந்திருப்பாரா. பாண்டி குரலை உயர்த்தியபோது? உயர்த்தினானா? அப்பா விழுந்த சத்தத்தில் நிமிர்ந்திருப்பார். அதற்கு நிமிராமல் எவனாலும் இருக்க முடியாது. நிமிர்ந்தபோது ஒருவன் தரையில், ஒருவன் கை நீட்டி நிற்கிறான். அதற்கு முன்னால் நடந்ததை அவர் எங்கிருந்து எடுத்தார்.

கேட்கக் கூடாது. இன்றைக்கு இல்லை. பிரஷர் ஏறிவிடும், ஆபரேஷன் நின்றுவிடும், இந்தத் தேதி வாங்க எத்தனை நடை நடந்தேன். நாளைக்குக் கேட்கலாம், கண் கட்டைப் பிரித்த பிறகு, காப்பி குடிக்கும்போது, சும்மா பேச்சோடு பேச்சாக. நாளைக்கு மாட்டுத்தாவணியில் யார் இருப்பார்கள். போன் மறுபடியும் அதிர ஆரம்பித்தது, இந்தத் தடவை நான் அதை அமுக்கவில்லை, அது தொடையில் துடித்துக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கால்களை மிதிகட்டையில் தேடி வைத்தார். சிஸ்டர் கையில் பட்டையைச் சுற்ற ஆரம்பித்தாள். "சார், நீங்க இங்கயே இருங்க" என்றாள். நான் அவர் முன்னால் குனிந்தேன். கலங்கிய கண்ணுக்கு அவர் முகம் அருகில் வந்ததும் இன்னும் கலங்கியது, அதனால்தான் கேட்க முடிந்ததோ என்னவோ. "அண்ணாச்சி" என்றேன். "என்னடா, குரல் ஒரு மாதிரியா இருக்கு?" என்றார். சிஸ்டர் பட்டைக்குக் காற்றடிக்க ஆரம்பித்தாள்.

"அண்ணாச்சி, அப்பா உங்க ரூமுக்குள்ள வந்தப்ப, பலகையில நீங்க என்ன வரைஞ்சுக்கிட்டு இருந்தீங்க?"